கேமரா சலான் வந்தால் கட்டுவதா, மறுப்பதா? செட்டிநாட்டு வண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால் என்ன தப்பு, எவ்வளவு அபராதம் என்று அங்கேயே தெரிந்துவிடும். கம்பத்து மேலே இருக்கும் கேமரா அப்படிச் சொல்லாது. சில நாள் கழித்து கைபேசியில் ஒரு செய்தி வரும். அன்றைக்கு அந்த ரோட்டில் போனது யார் என்பதே அதற்குள் மறந்திருக்கும். நம் பக்கத்தில் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. வண்டி காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ நிற்கும், சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், ஓட்டுவது டிரைவராகவோ மச்சானாகவோ இருக்கும்.

இந்த மாதிரி சலான் வந்தால் பயந்துபோய் உடனே கட்டிவிடுபவர்கள் ஒரு ரகம். “கேமரா சலானெல்லாம் கோர்ட்டில் நிற்காதுப்பா” என்று டீக்கடைச் சட்டம் பேசிவிட்டு அப்படியே விட்டுவிடுபவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருமே சலானை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். கேமராவை வைத்து அபராதம் போட அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அந்த அதிகாரத்தோடு நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், கட்ட வேண்டியது எது, மறுக்க வேண்டியது எது என்று பிரித்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. 2019-ல் அதைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, நகரச் சாலைகளில் மின்னணுக் கண்காணிப்பை உறுதிசெய்ய வேண்டியது மாநில அரசு என்கிறது அந்தப் பிரிவு. அதை எப்படிச் செய்வது என்பதை 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் நாம் முக்கியமாகப் படிக்க வேண்டியது இந்த விதியைத்தான்.

சட்டம் வந்த பிறகும் பல மாநிலங்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு நீண்டுகொண்டே போய், 2024-ல் 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் அமல்படுத்தச் சொல்லி நீதிமன்றம் மாநிலங்களை நெருக்கியது. அதனால் கேமராக்கள் கூடுமே தவிரக் குறையப் போவதில்லை.

விதிப்படி கேமரா எங்கே வர வேண்டும்? நெடுஞ்சாலைகளில் விபத்து அபாயமும் நெரிசலும் அதிகமுள்ள பகுதிகளில் வர வேண்டும். நகரங்கள் என்று எடுத்தால், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களிலும், விதியோடு இணைத்த பட்டியலில் உள்ள 132 நகரங்களிலும் முக்கியச் சந்திப்புகளிலாவது இருக்க வேண்டும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது என்றாலும் 10 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக, திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாக ராமேஸ்வரம் போகும் ரோடும், திருப்பத்தூர் வழியாக மதுரை போகும் ரோடும்தான் நமக்கு முக்கியம். நகரத்துக்குள்ளே வைக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கட்டாயம் எங்கே என்பதைத்தான் விதி சொல்கிறது.

வேகம் காட்டும் கேமரா மட்டும்தான் இந்த விதிக்குள் வரும் என்று நினைக்காதீர்கள். சிசிடிவி, ஸ்பீட் கன், போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் கேமரா, டேஷ்போர்டு கேமரா, நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கருவி, ஓடுகிற லாரியை அப்படியே எடைபோடும் கருவி எல்லாமே இதில் அடக்கம்.

படி 1: வந்திருப்பது நிஜச் சலான்தானா?

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சலான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் மோசடி இப்போது நிறைய. அரசு முத்திரை மாதிரி ஒரு படம், உங்கள் வண்டி எண், கீழே ஒரு ஃபைல். அந்த ஃபைலின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் தொடவே வேண்டாம். அது ஒரு ஆப். அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, ஓடிபியை எடுத்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். எந்த அரசுத் துறையும் சலானை ஆப் வடிவில் அனுப்புவதில்லை.

சோதிக்கும் வழி ஒன்றுதான். வந்த லிங்க்கைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுப் பாருங்கள். எம்பரிவாஹன் ஆப்பிலும் பார்க்கலாம். நிஜச் சலான் என்றால் அங்கே இருக்கும். இல்லையென்றால் அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது.

ஊரில் தனியாக இருக்கும் ஆச்சி, ஐயாமார் கைபேசியில் இதை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 2: போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்

சலானோடு தெளிவான படம் இருக்க வேண்டும் என்பது விதி. தெளிவு என்றால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: நடந்த தப்பும், வண்டியின் நம்பர் பிளேட்டும். வண்டி மட்டும் தெரிந்து தப்பு தெரியவில்லை என்றாலும், தப்பு தெரிந்து நம்பர் மங்கலாக இருந்தாலும், அதைக் கேள்வி கேட்கலாம்.

படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். கருவி 8-ஐ ‘பி’ என்றும், பூஜ்யத்தை ‘டி’ என்றும் எடுத்துக்கொள்வது உண்டு. நம் சிவகங்கை மாவட்ட வண்டிகள் டிஎன் 63, புதுக்கோட்டை டிஎன் 55, ராமநாதபுரம் டிஎன் 65. சேறு படிந்த பிளேட்டில் ஒரு எண் மாறினால் போதும், தப்பு செய்தவர் ஒருவர், சலான் இன்னொருவருக்கு. அப்புறம் வண்டியைப் பாருங்கள். உங்களுடையது வெள்ளை ஸ்கூட்டர், படத்தில் கறுப்பு பைக் என்றால் முடிந்தது கதை. எண் அப்படியே பொருந்தி வண்டி மட்டும் வேறாக இருந்தால் விஷயம் பெரியது: யாரோ உங்கள் நம்பரைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். சலானை மறுப்பதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி நாளைக்கு ஒரு விபத்தில் சிக்கினால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ரசீதுதான்.

படம் தவிர சலானில் இன்னும் சில இருக்க வேண்டும். கருவி எடுத்த அளவு, அதாவது வேகம் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்பது. தேதி, நேரம், இடம். மீறிய சட்டப் பிரிவு. மாநில அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரின் கையொப்பம். கூடவே மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ். விதியில் இதற்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைச் சொல்லியிருக்கிறார்கள். 2024 ஜூலை 1-லிருந்து அந்த இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவு வந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தச் சான்றிதழைத்தான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் பேச்சு வருவதும் இதைப் பற்றித்தான்.

படி 3: தேதியை எண்ணுங்கள்

தப்பு நடந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும் என்கிறது 167ஏ. சலானில் இரண்டு தேதி இருக்கும், ஒன்று சம்பவத் தேதி, மற்றது சலான் போட்ட தேதி. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள்.

15 நாள் தாண்டிவிட்டால் சலான் தானாகச் செத்துவிட்டது என்று யூடியூபில் சொல்வார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. அது நீதிமன்ற நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் நீங்கள் வைக்கக்கூடிய ஒரு வாதம். நல்ல வாதம்தான், ஆனால் நேரில் போய்ச் சொன்னால்தான் வாதம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு சலானை ஒதுக்கி வைத்தால் கணினியில் அது நிலுவையாகவே நிற்கும்.

படி 4: கருவிக்கு முத்திரை இருக்கிறதா?

காரைக்குடிச் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவின் தராசுக்கு முத்திரை போட்டிருக்கிறதா என்று வந்து பார்க்கிறது அரசாங்கம். அதே கேள்வியை அரசாங்கத்தின் கருவியைப் பார்த்து நாமும் கேட்கலாம்.

இரண்டு தனித்தனிச் சான்றுகள் உண்டு. முதலாவது 167ஏ விதிப்படி வருவது. கருவி சரியாகவும் துல்லியமாகவும் வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரி ஒப்புதல் சான்று கொடுத்திருக்க வேண்டும். அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சம்பவத் தேதியன்று அந்தச் சான்று உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது எடையளவுச் சட்டப்படி வருவது. ரேடார் மூலம் வண்டியின் வேகத்தை அளக்கும் கருவிகளுக்கான விதிகள் 2025 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன. இந்தக் கருவிகளையும் சரிபார்த்து முத்திரை போட வேண்டும் என்று அவை சொல்கின்றன. ரேடார் வேகக் கருவிக்குத்தான் இது. ஹெல்மெட் இல்லாததைப் படம் பிடித்த கேமராவுக்கு இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போனால் எடுபடாது.

வேக வழக்குகளுக்கு இன்னொரு பழைய பாதுகாப்பும் உண்டு. ஒரே ஒரு சாட்சி “வண்டி வேகமாகப் போச்சு” என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது, கருவி எடுத்த அளவு அதற்குத் துணை நிற்க வேண்டும் என்கிறது 183-வது பிரிவு. அந்தக் கருவியே சரிபார்க்கப்படாதது என்றால் வழக்கு ஆட்டம் காணும்.

படி 5: ரோட்டோரப் பலகை

வேகச் சலான் என்றால் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. வேக வரம்பை மாநில அரசு தன் இஷ்டத்துக்கு மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. 112-வது பிரிவுப்படி அரசிதழில் அறிவித்து, ரோட்டில் பலகையும் வைக்க வேண்டும். வேலை நடக்கும் இடம் மாதிரி ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. 167ஏ விதிப்படி, கேமரா கண்காணிக்கும் பகுதி வருவதற்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

போகும்போது சலானில் உள்ள அதே திசையில் போங்கள். பலகை இருக்கிறதா, வேப்ப மரக் கிளை மறைக்கிறதா, கோயில் திருவிழா ஃபிளெக்ஸ் பேனர் அதன்மேல் கட்டியிருக்கிறதா என்று பார்த்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். தைப்பூச நேரத்தில் பழனி பாதயாத்திரைக்காரர்கள் குன்றக்குடி ரோட்டில் நடந்து போகும்போது வைக்கும் தற்காலிகத் தடுப்புகளும் வேகக் குறைப்பும் தனி. அந்த நாட்களில் சலான் வந்தால் பலகையைத் தேடி வாதாடுவதைவிட, மெதுவாகப் போயிருக்கலாமே என்று நினைப்பதுதான் நியாயம் என்பேன்.

படி 6: கட்டுவதா, மறுப்பதா?

ஹெல்மெட் போடாமல் போனீர்கள், படத்தில் உங்கள் முகமே தெரிகிறது என்றால் 15 நாள் கணக்கு, சான்றிதழ் கணக்கு எல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்களை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே தொகை. சீட் பெல்ட் 1,000. ஓட்டிக்கொண்டே கைபேசி பேசினால் முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000. சிகப்பு விளக்கைத் தாண்டினால் முதல் முறை 500. கார் வேக வரம்பைத் தாண்டினால் 1,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000.

ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றம் போனால் ஒரு நாள் வேலை போகும். ஆனால் சில சலான்களைத் தொகை சின்னது என்று விட்டுவிடக் கூடாது: வண்டி உங்களுடையதே இல்லாதவை, சம்பவ நேரத்தில் வண்டி வேறு ஊரில் நின்றதற்கு ஆதாரம் உள்ளவை, ஒரே தப்புக்கு இரண்டு சலான் வந்தவை. கைபேசி, சிகப்பு விளக்கு வழக்குகளில் இரண்டாம் முறைக்குத் தொகை ஏறுகிறது என்பதையும் மறக்காதீர்கள். செய்யாத தப்பை இன்றைக்குச் சும்மா கட்டிவிட்டால், அடுத்தது ‘இரண்டாம் முறை’ ஆகிவிடும்.

கட்டுவதற்கும் மறுப்பதற்கும் கெடு உண்டு. உங்கள் சலானில் அச்சாகியிருக்கும் தேதியையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர் சொன்ன கணக்கை நம்ப வேண்டாம். கட்டாமல் விட்டால் பெயர் மாற்றம், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), தடையில்லாச் சான்று என்று ஆர்டிஓ வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

படி 7: வண்டி என் பேரில், ஓட்டியது வேறு ஆள்

கேமராவுக்கு ஆளைத் தெரியாது, நம்பரைத்தான் தெரியும். அதனால் சலான் ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133-வது பிரிவுப்படி வண்டிக்காரருக்கு உண்டு. டிரைவர் வைத்திருப்பவர்கள் யார் எந்த வண்டியை எந்த நாள் எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. கல்யாண வீட்டுக்கு ஒரே நாளில் ஆறு பேர் காரை மாற்றி மாற்றி எடுக்கும் ஊர் நம்முடையது. நோட்டு இல்லையென்றால் பங்காளிகளுக்குள் சண்டைதான் வரும். பள்ளிக்கூடப் பையனிடம் வண்டியைக் கொடுத்திருந்தால் பேச்சே வேறு: 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும்.

விற்ற வண்டிதான் நம் ஊரில் பெரிய தொல்லை. தெரிந்த ஆச்சி ஒருவருக்கு, எப்போதோ விற்ற ஸ்கூட்டருக்குச் சலான் வந்தது.

“விக்கும்போது பேர் மாத்துனீங்களா ஆச்சி?”

“வாங்குனவன் மாத்திக்கிறேன்னான் தம்பி. கேட்ட எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”

கையெழுத்துப் போட்ட தாள் வாங்கியவர் வீட்டு அலமாரியில் தூங்கினால் சட்டத்தின் கண்ணில் வண்டி இன்னும் ஆச்சியுடையதுதான். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், படிவம் 29 அதற்குத்தான். வாங்கியவர் படிவம் 30 கொடுக்க வேண்டும். பதிவில் பெயர் யாருடையதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சலான் ஆயிரத்தோடு போகும், விபத்து அப்படிப் போகாது. விற்பனை ஒப்பந்தம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் இருந்தால் எடுத்துக்கொண்டு முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் வீட்டு முகவரியில் வண்டியைப் பதிந்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். தபால்காரர் நோட்டீஸைப் பூட்டிய கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். அது முகப்பில் கிடக்கும் புறா எச்சத்தோடும் பழைய கல்யாணப் பத்திரிகைகளோடும் சேர்ந்து, அடுத்த படைப்புக்கு வீடு திறக்கும் வரை கிடக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தபாலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், பரிவாஹன் தளத்தில் வண்டிக்கு இப்போது நீங்கள் பயன்படுத்தும் கைபேசி எண்ணைச் சேர்ப்பது. குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கையில் இருந்தால் சில நிமிட வேலை.

படி 8: மறுக்கும் வழி

முதலில் இ-சலான் தளத்திலேயே இருக்கும் புகார்ப் பகுதி. படத்தையும் ஆர்சி நகலையும் இணைத்து, மூன்று நான்கு வரியில் விஷயத்தைச் சொல்லுங்கள். நம்பர் தப்பாகப் படித்த கேஸ்கள் பெரும்பாலும் இங்கேயே முடிய வாய்ப்புண்டு. கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதே கடிதத்தின் நகலைச் சலான் போட்ட பிரிவுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

நகர்ந்துகொடுக்கவில்லை என்றால் அடுத்தது நீதிமன்றம். சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்தத் தளத்தில் கட்டுவதற்கு ஒரு வழி, மறுப்பதற்கு ஒரு வழி என்று இரண்டு இருக்கும். மறுப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த இடத்துக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். சம்பவம் திருச்சியில் என்றால் திருச்சிக்குத்தான் போக வேண்டும், வண்டி காரைக்குடிப் பதிவு என்பதால் வழக்கு இங்கே வராது. இதையும் யோசித்துவிட்டு மறுப்பைத் தட்டுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

படி 9: தகவல் அறியும் மனு

வேகச் சலானை மறுப்பவர்களுக்கு இதுதான் பலம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சலான் போட்ட காவல் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டு அரசின் ஆன்லைன் வழியிலும் போடலாம். “ஏன் எனக்குச் சலான் போட்டீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்:

1. சலான் எண் குறிப்பிட்டு, அந்தக் கருவியின் வரிசை எண், அது இருக்கும் இடம்.
2. 167ஏ விதிப்படி அந்தக் கருவிக்குக் கொடுத்த ஒப்புதல் சான்றின் நகல், சம்பவத் தேதியில் நடப்பில் இருந்தது.
3. ரேடார் கருவி என்றால் எடையளவுச் சட்டப்படி சரிபார்த்த சான்றின் நகல்.
4. அந்தச் சாலைப் பகுதிக்கு வேக வரம்பு நிர்ணயித்த அரசிதழ் அறிவிப்பின் நகல்.
5. எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களின் விவரம்.

பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அதே துறையின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ஆனால் சலானின் கெடு உங்கள் மனுவுக்காகக் காத்திருக்காது. அதனால் மறுப்பை முதலில் பதிவு செய்துவிட்டு அதே வாரத்தில் மனுவையும் போடுங்கள். வாய்தா அன்றைக்குப் பதில் கைக்கு வந்திருக்கவில்லை என்றால், மனு அனுப்பிய ரசீதைக் காட்டி நடுவரிடம் அவகாசம் கேட்கலாம்.